மோதவிட்டுத் தேடு: துகள் வேட்டை பற்றி வடசென்னையிலிருந்து எட்டுக் கேள்விகள்

அணுவைவிடச் சிறிய துகள்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டு வந்த கடிதங்களில் வடசென்னை முத்திரை குத்தியவையே அதிகம். இந்த இதழ் முழுவதும் அவர்களுக்கே. ஒரே ஓர் அலகை மட்டும் நினைவில் வையுங்கள்: கிகா எலக்ட்ரான் வோல்ட், சுருக்கமாக ஜிஇவி. ஒரு புரோட்டானின் நிறை கிட்டத்தட்ட 1 ஜிஇவி. மற்றதெல்லாம் அதன் மடங்குதான்.

கேள்வி: அண்ணே, கேரம் போர்டுல ஸ்ட்ரைக்கரை அடிச்சா ஏற்கெனவே இருக்கிற காய்தான் சிதறும், புதுக் காய் முளைக்காது. புரோட்டானை மோதவிட்டா மட்டும் புதுத் துகள் எங்கேர்ந்து வருது? உள்ளே ஒளிஞ்சிருந்துச்சா?
– கேரம் ஆட்டக்காரர், வியாசர்பாடி

ஒளிந்திருக்கவில்லை தம்பி. இப்படி மோதவிட்டுக் கிடைத்த ஹிக்ஸ் போசான் என்ற துகளின் நிறை 125 ஜிஇவி. அதாவது புரோட்டானைப்போல 133 மடங்கு. அதைப் புரோட்டானுக்குள் ஒளித்துவைக்க முடியாது. மோதலின் வேகத்தில் இருக்கும் ஆற்றலே நிறையாக மாறுகிறது. ஸ்ட்ரைக்கரின் வேகம் போர்டின்மேல் புதுக் காயாக உறைந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெனீவா அருகே, சுவிட்சர்லாந்து–பிரான்ஸ் எல்லைக்கு அடியில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள எல்எச்சி முடுக்கியில் ஒவ்வொரு புரோட்டானும் 6,800 ஜிஇவி ஆற்றலோடு எதிரெதிரே வருகிறது. கூட்டினால் 13,600. ஆனால் அவ்வளவும் புதுத் துகள் செய்யக் கிடைக்காது. புரோட்டான் கேரம் காய்போல ஒரே கட்டி அல்ல. குவார்க், குளுவான் என்ற இன்னும் சிறிய துகள்கள் நிறைந்த பொரி மூட்டை அது. இரண்டு மூட்டைகள் மோதும்போது பலமாக முட்டிக்கொள்வது இந்த மூட்டையில் ஒரு பொரியும் அந்த மூட்டையில் ஒரு பொரியும்தான். அந்த இரண்டின் பங்கில் எவ்வளவு ஆற்றல் இருந்ததோ அவ்வளவுதான் மூலதனம். மீதியெல்லாம் நேராகக் குழாயோடு போய்விடும். அதனால்தான் ஒரு ஹிக்ஸ் பிறக்க நூறு கோடிக்கு மேற்பட்ட மோதல்கள் தேவைப்படுகின்றன.

கேள்வி: ஹிக்ஸ் துகள் பிறந்த உடனே சிதைந்துவிடும் என்று படித்தேன். இல்லாமல் போன ஒன்றை எதைக் கொண்டு "கண்டோம்" என்கிறார்கள்? கணக்கோடு விளக்க முடியுமா?
– பிளஸ் டூ மாணவி, தண்டையார்பேட்டை

உடைந்த துண்டுகளைக் கொண்டுதான். ஹிக்ஸின் ஆயுள் ஒரு வினாடியைக் கோடி கோடி கோடியால் வகுத்தாலும் அதிலும் சிறியது. எந்தக் கருவியையும் அது தொடுவதில்லை. தொடுவது அதன் பிள்ளைகள்: இரண்டு ஃபோட்டான் (ஒளித்துகள்), அல்லது நான்கு எலக்ட்ரான்–மியூவான் (மியூவான் என்பது எலக்ட்ரானின் கனமான உறவு), இப்படி. பிள்ளைகளின் ஆற்றலையும் திசையையும் அளந்து, "இவை ஒரே தாய்க்குப் பிறந்தவை என்றால் தாயின் நிறை என்ன?" என்று கணக்குப் போடுகிறார்கள். இப்படி லட்சக்கணக்கான ஜோடிகளுக்குப் போட்டு, வந்த விடைகளை வரைபடத்தில் அடுக்கினால், தாய் இல்லாத ஜோடிகள் பரவலாகச் சிதறும். தாய் உள்ளவை மட்டும் ஒரே இடத்தில் குவிந்து மேடு கட்டும். அந்த மேடுதான் துகள்.

நீங்களே ஒன்று போட்டுப் பாருங்கள். எளிதானது இரண்டு மியூவான் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்கள் தெரிந்தால் போதும்: புரோட்டான் கற்றைக்குக் குறுக்கான உந்தம் (பிடி), கற்றையிலிருந்து எவ்வளவு சாய்ந்தது என்று சொல்லும் ஈட்டா, கற்றையைச் சுற்றிய கோணமான ஃபை.

நிறையின் வர்க்கம் = 2 × முதல் பிடி × இரண்டாம் பிடி × [காஷ்(ஈட்டா வேறுபாடு) − காஸ்(ஃபை வேறுபாடு)]

ஒரு மியூவானுக்கு பிடி 38, மற்றதற்கு 50. ஈட்டா வேறுபாடு 0.6, ஃபை வேறுபாடு 3.0 ரேடியன். காஷ் (கால்குலேட்டரில் cosh) 0.6 என்பது 1.1855. காஸ் 3.0 என்பது −0.9900. கழித்தால் 2.1755. அதை 3,800-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 90.9 ஜிஇவி. 1983-இல், இன்று எல்எச்சியை நடத்தும் அதே செர்ன் ஆய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்ட இசட் போசானின் நிறை 91.2. ஆக உங்கள் ஜோடிக்கு இசட் தாயாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரே ஜோடியை வைத்துக்கொண்டு அதற்குமேல் சொல்ல முடியாது.

கால்குலேட்டர் டிகிரியில் இருந்தால் இதே கணக்கு 26.6 என்று விடை தரும். இந்தக் கணக்கில் மாணவர்கள் சறுக்கும் முதல் இடம் அதுதான். கணினியில் எக்செல் தானாகவே ரேடியனில்தான் போடும்.

செர்ன் 2014 முதல் உண்மையான மோதல் தரவுகளைப் பொதுமக்களுக்கு இலவசமாகத் தருகிறது. எல்எச்சியில் மோதல்களைப் பதிவுசெய்யும் சிஎம்எஸ் கருவியின் ஒரு லட்சம் இரட்டை மியூவான் நிகழ்வுகள் சாதாரண அட்டவணைக் கோப்பாகவே கிடைக்கும். இறக்கி, மேலே உள்ள சூத்திரத்தை ஒரு பத்தியில் போட்டு இழுத்துவிடுங்கள். கோப்பில் நிறை ஏற்கெனவே இருக்கும். முதலில் நீங்கள் போட்டுவிட்டு, பிறகு ஒப்பிடுங்கள். ஒன்று நேர், ஒன்று எதிர் மின்னூட்டம் உள்ள ஜோடிகளை மட்டும் எடுங்கள். ஒரே மின்னூட்ட ஜோடிகளைத் தூக்கிப் போட வேண்டாம், தனியாக வையுங்கள். மேடு எதுவும் இல்லாத பின்னணி எப்படி இருக்கும் என்று அவை காட்டும்.

அடுத்து, வரைபடத்தில் நிறைகளைப் பிரித்து எண்ணும் கட்டத்தின் அகலம். இசட் மேட்டுக்கு 60 முதல் 120 வரை 1 ஜிஇவி அகலம் சரி. 9.5-க்கு அருகில் உள்ள உப்சிலான் துகளுக்கு 0.1 வேண்டும். 3.1-இல் உள்ள ஜே-சை துகளுக்கு 0.05. எல்லாவற்றுக்கும் 1 ஜிஇவி கட்டம் போட்டால் ஜே-சை ஒரே கட்டத்துக்குள் அமுங்கி, துகளா தூசா என்று தெரியாது. மிகக் குறுகலாகப் போட்டாலோ கட்டத்துக்கு இரண்டு மூன்று நிகழ்வுதான் விழும், படம் முழுக்க முள்ளாகத் தெரியும். 1974 நவம்பரில் அமெரிக்காவின் இரு ஆய்வகங்கள் தனித்தனியே ஜே-சையைக் கண்டன. அதற்கு 1976-இல் அந்தக் குழுக்களின் தலைவர்களான ரிக்டருக்கும் டிங்குக்கும் நோபல் கிடைத்தது. அந்த மேட்டைத் தண்டையார்பேட்டையில் உட்கார்ந்து ஒரு மாலையில் பார்த்துவிடலாம்.

பிடி எங்கிருந்து வருகிறது என்றும் கேட்பீர்கள். காந்தப் புலத்தில் தடம் வளைவதை வைத்து. சிஎம்எஸ் காந்தம் 3.8 டெஸ்லா. பிடி 38 உள்ள மியூவான் அதில் 33 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் வளையும். தடத்தை அளக்கும் சிலிக்கான் அடுக்குகள் கற்றையிலிருந்து சுமார் 1.1 மீட்டர் தூரம்தான் நீள்கின்றன. அதற்குள் அந்த வளைவு நேர்கோட்டிலிருந்து விலகுவது வெறும் 4.5 மில்லிமீட்டர். ஒரு சிலிக்கான் தகடு மயிரிழை நகர்ந்திருந்தாலும் பிடி தப்பாகும், மேடு இடம் மாறும் அல்லது பரந்துவிடும். அதனால்தான் புதிதாகத் தேடுவதற்கு முன் பழைய இசட் 91.2-இல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். கடைக்காரர் படிக்கல்லைச் சரிபார்ப்பதுபோல.

கேள்வி: வினாடிக்கு நாலு கோடி தடவை மோதுதாமே. அத்தனையையும் எங்கே எழுதி வைப்பாங்க?
– விசைப்படகு உரிமையாளர், காசிமேடு

எழுதி வைப்பதில்லை. பெரும்பாலானதைக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள்.

25 நானோ வினாடிக்கு ஒருமுறை இரண்டு புரோட்டான் கொத்துகள் குறுக்கிடுகின்றன. ஒவ்வொரு குறுக்கீட்டிலும் பல பத்து மோதல்கள். ஒரு குறுக்கீட்டின் தரவு சுமார் ஒரு மெகாபைட். அப்படியே சேமித்தால் வினாடிக்கு நாற்பது டெராபைட். ஆகவே ட்ரிக்கர் என்ற இரண்டு வலைகள் போடுகிறார்கள். முதல் வலை மின்னணுச் சுற்றுகளால் ஆனது. ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் சில பங்கு நேரத்துக்குள் முடிவெடுத்து, வினாடிக்கு ஒரு லட்சம் நிகழ்வுகளை மட்டும் உள்ளே விடும். இரண்டாவது வலை கணினிக் கூட்டம். அது ஒரு லட்சத்தைச் சில ஆயிரமாகக் குறைக்கும். அந்தச் சில ஆயிரம்தான் கரைக்கு வரும்.

கண்ணி அளவு உங்களுக்குத் தெரிந்த விஷயம். பெரிய கண்ணி போட்டால் வஞ்சிரம் சிக்கும், நெத்திலி போய்விடும். இங்கேயும் "அதிக பிடி உள்ள மியூவான் இருந்தால் எடு" என்று கண்ணி வைத்தால், மெல்லிய பிடி உள்ளவை தப்பிவிடும். இதைவிட மோசமான ஆபத்து ஒன்று உண்டு. புதுத் துகள் மோதிய இடத்தில் சிதையாமல் ஒரு மீட்டர் தள்ளிப் போய்ச் சிதைந்தால், மையத்திலிருந்து கிளம்பும் தடங்களையே எதிர்பார்க்கும் ட்ரிக்கர் அதைக் குப்பை என்று தள்ளிவிடும். தள்ளியது தள்ளியதுதான், திரும்பக் கிடைக்காது. அதற்காகவே இப்போது தனிக் கண்ணிகள் வடிவமைக்கிறார்கள். எந்த நிபந்தனையும் இல்லாமல் குருட்டாம்போக்கில் அள்ளிய சில நிகழ்வுகளையும் வைத்துக்கொள்கிறார்கள். வலையில் எவ்வளவு தப்பியது என்று தெரிய அது ஒரு வழி.

கேள்வி: இந்த மோதலில் கருந்துளை உண்டாகி பூமியை விழுங்கிவிடும் என்கிறார்களே?
– வாசகர், கொடுங்கையூர்

விழுங்காது. வானிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் இதைவிட அதிக ஆற்றலோடு காற்று மண்டலத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மோதிக்கொண்டிருக்கின்றன. கொடுங்கையூர் அப்படியேதான் இருக்கிறது.

கேள்வி: அடிக்கடி "புதிய துகளின் அறிகுறி" என்று செய்தி வருகிறது, பிறகு சத்தமே இல்லை. ஐந்து சிக்மா என்றால் என்ன? அது இருந்தால் நம்பலாமா?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், பெரம்பூர்

ஒரு கட்டத்தில் துகள் எதுவும் இல்லாவிட்டாலும் 100 நிகழ்வுகள் விழும் என்று வையுங்கள். எண்ணிக்கை இயல்பாகவே அதன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது 10, ஏறி இறங்கும். அதுதான் ஒரு சிக்மா. 120 வந்தால் இரண்டு சிக்மா. அது சர்வ சாதாரணம். 150 வந்தால் ஐந்து சிக்மா. வெறும் தற்செயலால் அப்படி ஏற 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. அதைத்தான் கண்டுபிடிப்பின் எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள். தரவை நான்கு மடங்காக்கினால்தான் சிக்மா இரண்டு மடங்காகும் என்பதால் இடையில் வருடங்கள் ஓடுகின்றன.

ஏன் மூன்று போதாது? நூற்றுக்கணக்கான கட்டங்களைத் துழாவும்போது ஏதோ ஒன்றில் மேடு தெரிந்தே தீரும். 2015 டிசம்பரில் இரண்டு ஃபோட்டான் வரைபடத்தில் 750 ஜிஇவி அருகே ஒரு மேடு தெரிந்தது. எல்எச்சியின் அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரண்டு கருவிகளிலும் தெரிந்தது. விளக்கம் சொல்லி 500-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் குவிந்தன. 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு சேர்ந்தபோது மேடு தரைமட்டம். 1976-இல் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் 6 ஜிஇவியில் ஒரு துகள் என்று அறிவித்தார்கள். அதுவும் கரைந்தது. லெடர்மான் தலைமையிலான அதே குழு மறுவருடம் 9.5-இல் கண்ட உப்சிலான்தான் உண்மையில் நின்றது.

ஐந்து இருந்தால் நம்பலாமா என்றால், என் பதில்: அதை மட்டும் வைத்து நம்ப வேண்டாம். சிக்மா தற்செயலுக்கு மட்டும்தான் பூட்டு. கருவிப் பிழைக்கு அல்ல. 2011-இல் ஓபேரா என்ற சோதனை, நியூட்ரினோ எனும் மிக லேசான துகள்கள் ஒளியைவிட 60 நானோ வினாடி முந்தி வந்ததாக ஆறு சிக்மாவோடு அறிவித்தது. கடைசியில் ஒளியிழைக் கேபிளின் இணைப்பு ஒன்று சரியாக மாட்டப்படவில்லை. உங்கள் வங்கிக் கணக்கில் கூட்டல் சரி, பதிவு தப்பு என்பதுபோல. பின்னணி 100 அல்ல, 140 என்பதுதான் உண்மையென்றால் மேலே சொன்ன 150-க்கு ஒரு சிக்மா மதிப்புகூடக் கிடையாது. எனவே இரண்டு காப்புகள் வைக்கிறார்கள். எந்த நிகழ்வை எடுப்பது, எதைத் தள்ளுவது என்ற விதிகளை முடிவு செய்யும்வரை, மேடு வரக்கூடிய பகுதியைத் திறந்தே பார்ப்பதில்லை. அடுத்தது, வேறு வடிவமைப்பில் வேறு ஆட்கள் கட்டிய இன்னொரு கருவி அதே இடத்தில் அதையே காண வேண்டும். 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் அறிவிப்பு நம்பப்பட்டது அட்லஸும் சிஎம்எஸ்ஸும் தனித்தனியே 125-ஐ ஒட்டியே காட்டியதால்தான்.

கேள்வி: 2008-இல் எல்எச்சி தொடங்கிய ஒன்பதாம் நாளே நின்றுபோனதற்கு ஒரு சால்டர் ஜாயின்ட்தான் காரணமாமே. உண்மையா?
– மின்நிலைய டெக்னீஷியன், எண்ணூர்

உண்மை. காந்தத்துக்குக் காந்தம், கடுங்குளிரில் மின்தடையே இல்லாத மீக்கடத்திக் கேபிளைத் தாமிரப் பட்டைக்குள் வைத்துப் பற்றவைத்த இணைப்புகள் பத்தாயிரத்துக்கு மேல் உண்டு. 1.9 கெல்வின் குளிரில் நல்ல இணைப்பின் மின்தடை ஒரு நானோ ஓமுக்கும் குறைவு. அந்த ஓர் இணைப்பில் அது சுமார் 220 நானோ ஓமாக இருந்ததாக விசாரணை சொன்னது. ஓடிய மின்னோட்டம் 8,700 ஆம்பியர். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்குங்கள்: சுமார் 17 வாட். நம் வீட்டுப் பழைய "ஜீரோ வாட்" பல்பு எடுப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான்!

அந்தச் சூட்டில் மீக்கடத்தி சாதாரணக் கடத்தியானது. மின்னோட்டம் தாமிரத்துக்கு மாற வேண்டும். ஆனால் இணைப்பில் தாமிரத் தொடர்ச்சியும் சரியில்லை. மின்வில் எரிந்து, குளிரூட்டும் ஹீலியத்தின் உறையைத் துளைத்தது. சுமார் ஆறு டன் ஹீலியம் வெளியேறியது. வெளியேற்று வால்வுகள் அந்த வேகத்துக்குப் போதாமல், அழுத்தம் பல டன் காந்தங்களைத் தாங்கிகளிலிருந்து பிடுங்கியது. 53 காந்தங்களை மேலே எடுத்துச் சரிசெய்ய ஓராண்டுக்கு மேலானது. பெரிய வால்வுகளும், இணைப்புத் தடையைக் கண்காணிக்கும் புதிய அமைப்பும் வைத்தார்கள். 2013–14 நிறுத்தத்தில் எல்லா இணைப்புகளுக்கும் தாமிரத் துண்டு கூடுதலாக வைத்துப் பற்றவைத்தார்கள். அதுவரை முழு ஆற்றலில் பாதியளவிலேயே ஓட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள். ஹிக்ஸ் கிடைத்தது அந்தப் பாதியில்தான்.

கேள்வி: நம் நாட்டுப் பட்டறையில் செய்த பொருள் ஏதாவது அங்கே இருக்கிறதா?
– ஐசிஎஃப் முன்னாள் ஃபிட்டர், அயனாவரம்

காந்தங்கள் உட்கார்ந்திருப்பதே நம் ஜாக்கிகள்மேல்தான். ஏறக்குறைய 7,000 துல்லிய ஜாக்கிகள் இந்தியாவில் செய்யப்பட்டுப் போயின. 15 மீட்டர் நீளமும் 35 டன் எடையும் உள்ள ஒரு காந்தத்துக்கு மூன்று ஜாக்கி. மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுக்கு நகர்த்தி நிறுத்தலாம். கோச் தூக்கும் ஜாக்கியோடு பழகிய கைக்கு அந்தத் துல்லியத்தின் அருமை தெரியும். 2017 முதல் இந்தியா செர்னின் இணை உறுப்பு நாடு. சென்னையிலிருந்து ஐஐடி மெட்ராஸ், சிஎம்எஸ் கருவியின் குழுவில் இருக்கிறது.

கேள்வி: எங்கள் அரசுப் பள்ளி அறிவியல் கண்காட்சியில் துகளின் தடத்தை நேரில் காட்ட வேண்டும். குறைந்த செலவில் வழி உண்டா?
– அறிவியல் ஆசிரியை, திருவொற்றியூர்

உண்டு. முகில் அறை கட்டுங்கள் டீச்சர். துகள் போன வழியில் ஆல்கஹால் ஆவி துளித்துளியாகப் படிந்து கோடாகத் தெரியும் பெட்டி அது. 1932-இல் பாசிட்ரானும் 1936-இல் மியூவானும் முகில் அறையில்தான் அகப்பட்டன.

தேவை: ஒரு அடி நீளமுள்ள சிறிய கண்ணாடி மீன்தொட்டி. கொளத்தூர் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். அக்ரிலிக் வேண்டாம், ஆல்கஹால் பட்டு விரிசல் விடும். தொட்டியின் வாயைவிடச் சற்றுப் பெரிய, 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இடைவெளியின்றி ஒட்டுங்கள். கம்பளித் துணி அல்லது ஃபெல்ட், நான்கு விரல் அகலப் பட்டை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 99 சதவீதம், 50 மில்லி. டிரை ஐஸ் 3 கிலோ. எல்இடி டார்ச். பொம்மை செய்யும் களிமண்.

தொட்டியின் அடிப்பாகத்தில், உட்புறமாக, ஃபெல்ட்டைக் கிளிப்பாலோ காந்தத்தாலோ பிடித்து வையுங்கள். பசை போட்டால் ஆல்கஹாலில் கரைந்து விழும். சொட்டாத அளவுக்கு ஆல்கஹாலில் நனையுங்கள். தெர்மகோல் தட்டில் டிரை ஐஸைத் தட்டையாகப் பரப்பி, தகட்டை அழுத்தி வைத்து, தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, விளிம்பு முழுவதும் களிமண் பூசுங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தகட்டை ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். முதல் ஐந்து நிமிடம் தூறல்போல விழும். பத்துப் பதினைந்து நிமிடத்தில், தகட்டுக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் உயரத்தில், வெள்ளை இழைகள் தோன்றி மறையும்.

நீண்டு நேராக ஓடுபவை பெரும்பாலும் மியூவான்கள். உள்ளங்கையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று வீதம் எப்போதும் விழுந்துகொண்டிருப்பவை. ஆனால் செங்குத்தாக விழுபவை புள்ளியாகவே தெரியும், நன்றாகச் சாய்ந்து வருபவைதான் இழையாகும். எனவே கணக்குப்படி வர வேண்டியதைவிடக் குறைவாகத் தெரிந்தால் பதற வேண்டாம். வளைந்து நெளிபவை எலக்ட்ரான்கள். குட்டையாகத் தடித்தவை ஆல்ஃபா. ஆல்ஃபாவை நிச்சயமாகக் காட்ட, டிக் வெல்டிங் பட்டறைகளில் கிடைக்கும் சிவப்பு முனை டங்ஸ்டன் கம்பி ஒன்றைத் தகட்டின்மேல் வையுங்கள். அதில் ஆல்ஃபாவை உமிழும் தோரியம் 2 சதவீதம் உண்டு. அதைத் தேய்க்கவோ அறுக்கவோ கூடாது, தூளை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. தொட்டால் கை கழுவ வேண்டும்.

எதுவும் தெரியவில்லை என்றால் வரிசையாகப் பாருங்கள். முதல் சந்தேகம் ஆல்கஹால்: சானிடைசர் வகை 70 சதவீதத்தில் உள்ள தண்ணீர் எல்லாவற்றையும் கெடுக்கும். அடுத்தது காற்றுக் கசிவு. உள்ளே மூடுபனி ஒரு பக்கமாக ஓடினால் களிமண்ணில் ஓட்டை. பிறகு தகடு: டிரை ஐஸோடு முழுக்கப் படியாமல் ஓரம் தூக்கி நின்றால் அந்தப் பக்கம் குளிராது. காசிமேட்டு ஐஸில் உப்புப் போட்டுச் சமாளிக்கலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். அது மைனஸ் 21-க்குக் கீழே போகாது, போதவே போதாது. டிரை ஐஸ் மைனஸ் 78. கடற்காற்று வீசும் உங்கள் ஊரில் கண்ணாடியின் வெளிப்புறம் வியர்த்து மறைக்கும். துடைக்க ஒரு பையனை நிறுத்துங்கள். ஃபேனை நிறுத்தினாலும் ஜன்னலைச் சாத்தாதீர்கள், கறுப்புத் துணி கட்டி இருட்டாக்குங்கள். டிரை ஐஸிலிருந்து கரியமில வாயு தரையில் தேங்கும்.

டிரை ஐஸை அன்று காலையே வாங்குங்கள். முந்தின நாள் வாங்கினால் தெர்மகோல் பெட்டியிலும் பெரும்பகுதி ஆவியாகிவிடும். மூடி இறுக்கிய பாட்டிலில் போட்டால் வெடிக்கும். தோல் கையுறை இல்லாமல் யாரும் தொடக் கூடாது. ஆல்கஹால் ஆவி பக்கத்தில் இருப்பதால், அடுத்த மேசையில் கற்பூரம் ஏற்றி எரிமலை காட்டும் ஏழாம் வகுப்புக் குழுவைத் தள்ளி உட்கார வையுங்கள்.